துண்டுக்கடியில் ஒரு கை

அத்தியாயம் 5

"செங்கல்லையெல்லாம் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது, அம்மா" என்றார் ராகவேந்திர ராவ். பாலாறு பாங்கியின் உத்திரமேரூர்க் கிளையை நடத்துகிற ஏஜெண்டு அவர்தான்.

மார்த்தாள் வைத்த கல் அவருடைய மேஜை மேல் வைத்தபடியே இருந்தது. வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள் வைத்த வேகத்தில் மசிக்கூடு ஒரு தரம் எழுந்து உட்கார்ந்தது. நன்றாக வெந்து சிவந்த கல். வயிற்றில் சிலுவைக் குறி.

"அந்தக் குறிய அச்சுல வெட்னது நானு. அந்தோணியார் சூளைன்னா இந்த மார்த்தாதான். பெருநகர் ஆத்தங்கரையில எந்த நாயக் கேட்டாலும் சொல்லும்."

"நாயக் கூட்டிக்கினு வந்தா, அதுக்கு ஜாமீன் யாருன்னு கேப்பாரு" என்று கோபால் தன் முதலாளியின் காதில் போட்டான்.

கோபால் காஞ்சிபுரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது வேறு யாருமில்லை, அவன் வாய்தான். இறங்கியவனை ஏற்றிக்கொண்டவர் துப்பறியும் தாண்டவராயன். அவர் ஒரு பட்டுக் கடைக்காக வராத பாக்கியை இருபது வருஷம் வசூலித்து, பொய் சொல்கிற முகங்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அதையே தனித் தொழிலாக வைத்துக்கொண்டவர். பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். யோசனை வந்தால் வாய்க்குள் போடுவார். யோசனை வராவிட்டாலும் போடுவார்.

விவகாரம் இதுதான். அடுத்தவன் சூளையில் தலைச்சுமை சுமந்த மார்த்தாள், குத்தகை நிலத்தில் தனக்கென்று ஒரு சூளை போட்டு மூன்று வருஷம் ஆகிறது. கூட்டாளி கிடையாது, முதலாளியும் அவளே, மேஸ்திரியும் அவளே. பஞ்சாயத்து யூனியன் கட்டுகிற பள்ளிக்கூடத்துக்குக் கல் கொடுத்ததில் ஒரு செக் வந்தது. பெயர் ‘அந்தோணியார் செங்கல் சூளை’. மூலையில் இரண்டு கோடு. "இதைக் கையில் காசாக மாற்ற முடியாதம்மா, இதே பெயரில் பாங்கியில் கரண்டு கணக்குத் திறந்து அதில் போட்டால்தான் உண்டு" என்று யூனியன் ஆபீசில் சொல்லி அனுப்பினார்கள்.

சேலை எடுக்கிறவள் இரண்டு கடை ஏறி இறங்குவது போல மார்த்தாள் ஊரிலிருந்த இரண்டு பாங்கியும் ஏறி இறங்கினாள். புதிதாக வந்த பாலாறு பாங்கியில் காப்பி கொடுத்தார்கள், காலண்டர் கொடுத்தார்கள், ஐந்து நிமிஷத்தில் கணக்கு என்றார்கள். பழைய திருமகள் பாங்கியின் ஏஜெண்டு தாமோதரனோ உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஏற்கெனவே இங்கே கணக்கு வைத்திருப்பவர் ஒருத்தர் வந்து உனக்கு அறிமுகக் கையெழுத்துப் போடவேண்டும். சூளையை நான் கண்ணால் பார்க்கவேண்டும். நூறு ரூபாய் கட்டவேண்டும்" என்றார்.

"பொண்ணு கேட்டு வந்தவன்கூட இம்மாங் கேள்வி கேக்கலையே" என்று முறைத்துக்கொண்டு வந்தவள், எங்கே போடலாம் என்று யோசித்தபடி செக்கைச் சுருக்குப் பையிலேயே வைத்திருந்தாள். ஒரு நாள் பை இருந்தது, செக் இல்லை.

அப்போதுகூட அவள் கலங்கவில்லை. கோடு போட்ட செக்கைத் திருடி எவன் என்ன செய்வான் என்ற தைரியம். இன்று சனிக்கிழமை காலை பாலாறு பாங்கிக்கு வந்து, அந்தோணியார் சூளை பெயரில் கணக்குத் திறக்கவேண்டும் என்றபோதுதான் ராவ் சிரித்த முகத்தோடு, "அந்தக் கணக்கு முந்தாநாளே திறந்தாகிவிட்டதே" என்றார். திறந்தவன் செக்கையும் போட்டுவிட்டான். செக் வசூலுக்குக் காஞ்சிபுரம் போயிருந்தது. மார்த்தாள் ஓடிப்போய்ச் செங்கல்லோடும் தாண்டவராயனோடும் திரும்பி வந்தாள்.

"திங்கட்கிழமை பணம் வந்துவிடும். அவர் வந்து கேட்டால் நான் கொடுத்துத்தான் ஆகவேண்டும்" என்றார் ராவ். "அவர் சூளை தன்னுடையது என்று கணக்குத் திறந்தார், நீங்கள் ‘என்னுது’ என்கிறீர்கள். முதலில் வந்தவர் அவர். அவர் யாரென்று இன்றைக்குள் எனக்குக் காட்டிவிடுங்கள், கணக்கை நிறுத்தி வைக்கிறேன்."

மார்த்தாள் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தாள். சித்திரை வெயிலுக்குப் பின்னால் ஒரு கறுப்பு மேகம் எருமை போல் படுத்திருந்தது.

"அறுத்து அடுக்கின பச்சைக் கல்லு சுடாம அப்பிடியே கீது. துட்டு வெச்சாத்தான் வெறகுன்றான் வெறகுத் தொட்டிக்காரன். மழ பெஞ்சா அது கல்லு இல்ல நைனா, சேறு. அடுத்த கல்லு அறுக்க எங்கிட்ட தெம்பும் இல்ல, மொதலும் இல்ல."

"அழுவாதக்கா. இன்னாத்துக்கு அழுவற? நாங்கல்லாம் இல்லியா?" என்று தோளில் கிடந்த துண்டால் விசிறினான் பக்கத்தில் நின்ற வரதன். மார்த்தாளின் கல்லை வண்டி கட்டி இழுக்கிறவன். தெற்கேயிருந்து பிழைக்க வந்து, வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டவன். செக் வாங்கின அன்று அவளை யூனியன் ஆபீசிலிருந்து வண்டியில் ஏற்றி வந்ததும் அவன்தான். அந்தப் பாவத்துக்கு இன்று ஆறுதல் சொல்ல வந்திருந்தான்.

தாண்டவராயன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "வந்தவன் எப்படி இருந்தான், ராவ் சார்?"

"பெரிய தலைப்பாகை. கறுப்புக் கண்ணாடி. பல் வலியென்று தாடையைச் சுற்றி மப்ளர். மூக்கு மட்டும்தான் தெரிந்தது."

"மூக்கு எத்தினி?" என்றான் கோபால்.

"ஒன்றுதான்."

"ரெண்டு இருந்திருந்தா இந்நேரம் புடிச்சிருக்கலாம்."

"குரல்?" என்றார் தாண்டவராயன்.

"பேசவே இல்லை. பல் வலி, ஜாடைதான்." ராவ் வாசலைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஆனால் ஒரு விசித்திரம். முதலில் நூறு ரூபாய் கட்டவேண்டும் என்றேன். உடனே என் கையைப் பிடித்தான். பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடினான். உள்ளே என் விரலை ஒவ்வொன்றாக அமுக்கினான். நடுநடுவே உள்ளங்கையை வேறு சுரண்டினான். எனக்கு ஜாஸ்தி கூச்சம். ஹிஹி என்று சிரித்துவிட்டேன். இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று பேசாமல் இருந்தேன்."

"கடைசியில் எவ்வளவு கட்டினான்?"

"அறுபது."

வாசலில் ஸ்டூல் மேல் இருந்த பியூன் சிரிக்க ஆரம்பித்து, ஸ்டூலோடு சாய்ந்தான். கோபால் சுவரைப் பிடித்துக்கொண்டான். மார்த்தாள்கூட, கண்ணில் நீர் இருக்க, முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கினாள். தாண்டவராயனுக்குக் கடலை புரையேறிவிட்டது. வரதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா வெக்கை, இன்னா வெக்கை" என்றான்.

"ஏன் சிரிக்கிறீர்கள்?" என்றார் ராவ் பரிதாபமாக.

"ராவ் சார், சந்தையில் மாடு விற்கும்போது விலையை வாயால் சொன்னால் பக்கத்தில் நிற்பவன் கெடுத்துவிடுவான். அதனால் துண்டைப் போட்டு மூடி, விரலால் பேசுவார்கள். விரலைப் பிடித்தால் நூறு, கணுவைத் தொட்டால் பத்து. உங்களிடம் வந்தவன் பரம்பரை மாட்டுத் தரகன். தொகை என்று காதில் விழுந்ததும் கை தானாகப் போயிருக்கிறது. பாங்கியில் பேரம் கிடையாது என்பது அவனுக்குத் தெரியவில்லை."

"உங்களுக்குந்தான் தெரியல போலக்கீது" என்றான் கோபால். "நாப்பது ரூபா எறக்கிட்டீங்களே!"

"கையை விட்டால் போதும் என்றிருந்தது" என்றார் ராவ்.

தாண்டவராயன் எழுந்தார். "இன்று ஏரிக்கரையில் மாட்டுச் சந்தை. பாங்கி மத்தியானம் மூடிவிடும். முகத்தைத்தான் மூடியிருந்தான், கையை மூடவில்லை. நீங்கள் சந்தைக்கு வந்து ஒவ்வொரு தரகனிடமும் கை கொடுக்கிறீர்கள். எந்தக் கை சுரண்டுகிறதோ அதுதான் நம் கை."

"நானா? நான் ஒரு பாங்கி அதிகாரி!"

"முன்பின் தெரியாதவனுக்கு, அறிமுகம் செய்ய ஆளில்லாமல், நாற்பது ரூபாய் தள்ளுபடியில் கணக்குத் திறந்த அதிகாரி. உங்கள் ஹெட் ஆபீசுக்கு அது தெரியவேண்டுமா, சந்தைக்கு வருகிறீர்களா?"

ராவ் மேஜை டிராயரைப் பூட்டிக் குடையை எடுத்தார்.

"நானும் வரேன்" என்றான் வரதன். "அக்காவ தனியா வுட்டா நல்லாவா இருக்கும்? ஆனா எனக்கு மாட்டு பேரம் ஒரு எழவும் தெரியாதுங்க. எங்க மாமன்தான் வாங்கிக் குடுத்தாரு, நான் ஓட்டிக்கினு கீறேன்."

"வாப்பா. ஆள் இருந்தால் நல்லதுதான்" என்றார் தாண்டவராயன்.

ஏரிக்கரை முழுக்கக் கொம்பும் குளம்புமாக இருந்தது. கோட்டுப் போட்ட ராவ் குடையோடு உள்ளே நுழைந்ததும் இரண்டு காளைகள் மிரண்டன. தாண்டவராயன் நேராகப் போனது முனியனிடம். அந்தச் சந்தைத் தரகர்களுக்கெல்லாம் மூத்தவர். ஒரு மாட்டின் வாயைத் திறக்காமலே பல்லை எண்ணுகிறவர் என்று பேர். இருவரும் ஒதுங்கிப் போய் ஒரு வேப்பமரத்தடியில் குசுகுசுத்தார்கள். முனியன் ஒரு தரம் தலையைத் தூக்கிச் சிரித்தார்.

"இன்னா சொல்றாரு?" என்றான் கோபால்.

"கடலை கேட்கிறார்" என்றார் தாண்டவராயன்.

பிறகு ஆரம்பித்தது கூத்து. திருப்புலிவனத்துத் தரகனின் துண்டுக்குள் ராவின் கை போயிற்று. ராவ் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். சுரண்டல் இல்லை. அடுத்தவன் துண்டு, அதில் மூக்குப்பொடி வாடை, தும்மல்தான் வந்தது. அதற்கு அடுத்தவன், "இன்னா சார், கை பஞ்சு மாதிரி கீது? வேலையே செய்றதில்லியா?" என்று விரலை நசுக்கி அனுப்பினான். இருந்த தரகர்கள் அத்தனை பேர் துண்டுக்குள்ளும் நுழைந்து வந்த கை சிவந்திருந்ததே தவிர, ராவ் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"உள்ளங்கைய சொரண்டறதா?" என்றார் முனியன். "இங்க எவனும் பண்ண மாட்டான். ‘எறங்கு, எறங்கு’ன்னு அப்பிடி சொல்றது தெக்கத்தி சந்தைப் பழக்கம். இந்தப் பக்கத்து ஆளு இல்ல அவன்."

மார்த்தாள் கரைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேற்கே அந்த மேக எருமை எழுந்து நின்றிருந்தது. "முடிஞ்சிதுப்பா. தெக்க எந்த ஊர்ல போயி தேடுவ?"

கோபாலுக்கு முதல் தடவையாக ஜோக் எதுவும் தோன்றவில்லை. முதலாளியைப் பார்த்தான். அவரோ, நஷ்டத்துக்குத் துணி விற்கிறேன் என்று அழுகிற வியாபாரி போல, முகத்தில் மட்டும் கவலையை வைத்துக்கொண்டு கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா எங் கையையும் ஒரு தபா பாத்துடுங்க சார். மனசுல கொறை இருக்கக் கூடாது" என்று முனியன் துண்டை விரித்தார். பக்கத்தில் அவருடைய மாடு ஒன்று நின்றது. விலா எலும்பை எண்ணலாம். நிற்பதே பெரிய காரியம் என்பது போல் நின்றது. ராவ் அலுப்போடு கையை நுழைத்தார். உள்ளே என்னவோ அமுக்கல். விட்டால் போதும் என்று ராவும் திருப்பி அமுக்கினார்.

"முடிஞ்சிது!" என்று முனியன் துண்டை உதறினார். "நானூறு! மாடு சாரோடது! அவுத்துக்கினு போங்க!"

சந்தையே திரும்பிப் பார்த்தது.

"நான் மாடு வாங்கவில்லையே!"

"கை குடுத்துட்டீங்க சார். இந்தச் சந்தைல கைதான் பத்திரம்."

ராவ் தாண்டவராயனைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். "சந்தை வழக்கம், சார். நான் என்ன செய்ய? பணத்தை எடுங்கள்."

"நானூறா?" என்று ஒரு குரல் வந்தது. வரதன் குரல். வயிற்றில் கத்தி இறங்கினவன் குரல் போல இருந்தது.

"நானூறுதான்" என்றார் முனியன்.

"இந்தக் கெயட்டு மாட்டுக்கா? கடவாப்பல்லு தேஞ்சி கீது. பின்னங்கால் ஊணல. தோலுக்கு வாங்குறவன்கூட எண்பதுக்கு மேல தர மாட்டானே!"

"அவுரு துட்டு, அவுரு குடுக்கறாரு. உனக்கு இன்னா பேஜாரு?"

வரதன் இரண்டு அடி நகர்ந்தான். திரும்பி நின்றான். மறுபடி நகர்ந்தான். ராவ் கோட்டுப் பையைத் தடவுவதைப் பார்த்தான். அவனால் தாங்க முடியவில்லை. பசிக்கிற குழந்தையைப் பார்த்தால் சிலருக்கு மனசு கேட்காது. மோசமான பேரத்தைப் பார்த்தால் மனசு கேட்காதவர்களும் உலகத்தில் உண்டு; அவர்கள் பிறந்த ஜாதகம் அப்படி.

"சார், துட்ட உள்ள வைங்க!" என்று பாய்ந்து வந்தான். "நீங்க எம்மாந் தூரம் போவீங்கன்னு எங் கையில சொல்லுங்க, அந்தாளு கண்ணுல படாம. மீதிய நான் பேசிக்கிறேன். நானூறாமே, நானூறு!" தோளிலிருந்த துண்டை இழுத்து ராவின் கை மேல் போட்டு உள்ளே கையை நுழைத்தான்.

"ஹிஹி" என்றார் ராவ்.

மாடுகூட அசைபோடுவதை நிறுத்தியது போலிருந்தது.

"ஹிஹிஹி… இது… இதுதான்! அந்தக் கை!" என்று நெளிந்துகொண்டே கத்தினார் ராவ். "தாண்டவராயன் சார், இதே சுரண்டல்!"

வரதன் கையை இழுத்தான், வரவில்லை. துண்டுக்கு மேலே இன்னொரு கை அதைப் பிடித்திருந்தது. மார்த்தாளின் கை. களிமண்ணைப் பிசைந்து அச்சில் அறைந்து பழகின கை.

"அக்கான்னு கூப்ட்டியேடா" என்றாள். வரதன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"நானே ஒரு சூள போட்லாம்னு…" என்று முனகினான். "இந்தாளு நானூறுன்னு சொல்லாம இருந்திருந்தா…"

"உனுக்கு திருட்டுத்தனம் கீது, ஆனா கல்நெஞ்சு இல்ல" என்றான் கோபால். வாய் திரும்பிவிட்டது. "அடுத்தவன் ஏமாந்தா தாங்கல பாரு!"

சந்தைக் காவலுக்கு வந்திருந்த கான்ஸ்டபிள் வரதனை அழைத்துக்கொண்டு போனார்.

"வாத்தியாரே, எப்ப தெரியும் உங்களுக்கு?" என்றான் கோபால்.

"பாங்கியிலேயே" என்றார் தாண்டவராயன். "ராவ் அந்தத் துண்டுக் கதையைச் சொன்னபோது பியூன் விழுந்தான், நீ சுவரைப் பிடித்தாய், அழுதுகொண்டிருந்த இந்த அம்மாவே சிரித்தாள். ஒருத்தன் மட்டும் வெக்கை என்றான். வண்டி மாட்டோடு நாளெல்லாம் கிடக்கிறவன், அந்தக் கதைக்குச் சிரிக்காமல் இருப்பானா? போதாததற்கு, கேட்காமலே ‘எனக்கு மாட்டு பேரம் தெரியாது’ என்கிறான். கேட்காமல் விலை சொல்கிற சரக்கைத் தொடவே கூடாது, கோபாலு. நாம் தேடுவது இந்த ஊர்த் தரகர்களைத்தான் என்று அவனுக்குப் பயமில்லை. தன்னை யாரும் சந்தேகிக்கவில்லை என்று தைரியமாகக் கூடவே வந்தான். கை கொடு என்று கேட்டிருந்தால் சுரண்டாமல் கொடுத்திருப்பான். அதனால் கேட்கவில்லை. முனியனிடம் ஒரு அநியாய விலை சொல்லச் சொன்னேன்."

"அப்ப அந்த மாடு?" என்றார் ராவ் பயத்தோடு.

"போங்க சார், அது என் வூட்டு மாடு. விக்கறதுக்கு இல்ல" என்றார் முனியன். ராவ் போகும்போது அதை இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

கணக்கை நிறுத்திவிட்டேன், பணம் மார்த்தாளுக்குத்தான் என்று விறகுத் தொட்டியில் போய் ராவே வாய்விட்டுச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் விறகு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியபோது சூளை மூட்டி, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பு கனன்றுகொண்டிருந்தது. மழை மேலே விழுந்து புகையாகப் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே மார்த்தாள் நாஷ்டாவுக்குப் பழைய சோற்றைப் பிழிந்தாள் என்று கேள்வி.

திங்கட்கிழமை ராவ் பணத்தை டிராப்டாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினார். "நம்ம பாங்கியிலேயே போட்டுவிடுங்கள், அம்மா. ஐந்து நிமிஷம்தான். இரண்டு காலண்டர் தருகிறேன்."

"உங்க மேல கோவமில்ல சார். ஆனா உங்க கதவு சும்மா தள்ளுனாலே தொறந்துக்குது. எனக்கு தொறந்தா சரி, வரதனுக்கும்ல தொறந்துச்சி!"

எதிர்ச்சாரியில் திருமகள் பாங்கி. தாமோதரன் அன்றும் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய சட்டைக் கையில் கரி இருந்தது. காலையிலேயே சைக்கிளில் பெருநகர் போய்ச் சூளையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அறிமுகம் யார்?"

"நானு" என்று முனியன் முன்னால் வந்தார். மாட்டு வியாபாரத்துக்கு அங்கே பல வருஷமாகக் கரண்டு கணக்கு வைத்திருப்பவர். தாமோதரன் அவரிடம் கையெழுத்து வாங்கி, பழைய கையெழுத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி பார்த்து, "சரி. நூறு ரூபாய் கட்டவேண்டும்" என்றார்.

முனியன் மார்த்தாளைப் பார்த்தார். அவள் கண்ணைக் காட்டினாள். முனியன் தோள் துண்டை எடுத்துக் கையை நீட்டினார்.

தாமோதரன் உள்ளூர்க்காரர். ஒன்றும் கேட்கவில்லை; பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைத் துண்டுக்குள் கொடுத்தார். உள்ளே என்ன நடந்ததோ, துண்டு இரண்டு தரம் மேடானது, பள்ளமானது. ஏஜெண்டு முகத்தில் ஒரு சலனம் இல்லை. முனியன் நெற்றியில் வேர்வை அரும்பியது.

கடைசியில் முனியன் துண்டை எடுத்தார். விரல்களை உதறிக்கொண்டார்.

"கல்லும்மா அந்தக் கை. ஒரு கணுகூட எறங்கல."

"பச்சைக் கல்லா, வெந்த கல்லா?" என்றாள் மார்த்தாள்.

"நல்லா வெந்த கல்லு."

மார்த்தாள் சுருக்குப் பையை அவிழ்த்தாள்.

"அப்ப இங்கியே போடு."